தேதியில்லாத தண்ணீர்ப் பிரிவு

அவையில் யார் எழுந்து எதைப் பேசினாலும் அதை வார்த்தை விடாமல் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து அச்சுக்கு அனுப்புவது எங்கள் பதினான்கு பேரின் வேலை. பதினான்கு பேரில் மூத்தவர் அக்கா. அலுவலகத்தில் அவருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர். சில உறுப்பினர்கள் எழுந்தால் ஒரே வாக்கியத்தை ஆறு நிமிடம் ஓட்டுவார்கள். எழுவாய் இங்கே நிற்கும், பயனிலை பஸ் ஏறிப் போயிருக்கும். அக்காவின் தாளில் அதுவே ஒன்பது வாக்கியங்களாகி, ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும். மறுநாள் அச்சில் படித்துவிட்டு அந்த உறுப்பினரே, நேற்று நன்றாகத்தான் பேசியிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு போவார்.

சின்ன உருவம். காதோரம் நரை. சட்டென்று பார்த்தால் யாருக்கோ துணையாக வந்து உட்கார்ந்திருப்பவர் போலிருப்பார். பென்சிலைக் கையில் எடுத்தால் மட்டும் தோள் நிமிரும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் நோட்டில் ஒரு இடைவெளி விழுந்ததில்லை. பேசுகிறவருக்கு இருமல் வந்தால் ஒழிய அவர் கை நிற்காது என்பார்கள்.

எங்கள் வேலை பத்து நிமிடக் கணக்கில் நடக்கும். ஒருவர் பத்து நிமிடம் எழுதுவார், அடுத்தவர் வந்து மாற்றுவார். மாற வருகிறவர் அரை நிமிடம் முன்னதாகவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட வேண்டும். அந்த அரை நிமிடம் மட்டும் இரண்டு நோட்டிலும் இருக்கும். அதை நாங்கள் 'ஒட்டு' என்போம். துணியை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைப்பதுபோல. வரிசையில் நான் அக்காவுக்கு அடுத்தவன். நாலு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று நாலு அரை நிமிடங்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அரை நிமிடங்களாகவே அவரைத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கூட்டத்தொடர் முழுக்கப் போரைப் பற்றித்தான். இரண்டு கடல் தாண்டி, பெயரைச் சரியாக உச்சரிக்கவே பாதி உறுப்பினர்களுக்கு வராத ஒரு நாட்டில், நம் படை ஐந்து வருடமாக இருந்தது. போனது சரியா தப்பா என்று பேசி ஓய்ந்துவிட்டார்கள். இப்போது பேச்செல்லாம் எண்ணிக்கையில் வந்து நின்றது. அங்கே இருப்பவர்கள் மூவாயிரத்து இருநூறு. ஆறாம் மாதத்துக்குள் எத்தனை பேர் வருவது, பத்தாம் மாதத்துக்குள் எத்தனை, யார் முதலில், யார் கடைசியில். ஒரு கட்சி எல்லோரும் உடனே வர வேண்டும் என்றது. இன்னொரு கட்சி ஆயிரம் பேராவது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்றது. ஆயிரத்தை நானூறாக்கி, நானூறை மறுபடி எழுநூறாக்கி, பேரம் போலப் போய்க்கொண்டிருந்தது.

அந்த மூவாயிரத்து இருநூறில் ஒருத்தி அக்காவின் மகள்.

இது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் அவர் சொல்லித் தெரியவில்லை. விவாதம் ஆரம்பித்த முதல் நாளே கவனித்தேன். தண்ணீர்ப் பிரிவு என்ற சொல் வரும்போதெல்லாம் அவருடைய இடது கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வலது கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் நான் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

"பாத்துட்டியா?" என்றார்.

பார்த்துவிட்டேன் என்றேன்.

"யார்கிட்டயும் வாயத் திறக்காத தம்பி."

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. அவையில் பேசப்படும் விஷயத்தில் ரத்த சம்பந்தமான ஒருவர் மாட்டியிருந்தால், தலைமை எழுத்தருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த விவாதம் முடியும்வரை அவைக்குள் வரக்கூடாது. விதி நல்ல விதிதான். அக்காவும் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருப்பார். தனக்கு வந்தபோது எழுதிக் கொடுக்கவில்லை. வெளியே உட்கார்ந்து டிவியில் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும், உள்ளே இருந்தால் கைக்காவது வேலை இருக்கிறது என்றார்.

மகளுக்கு இருபத்து நாலு வயது. வீட்டில் 'வாண்டு' என்று கூப்பிடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. வாண்டு பள்ளிக்கூடப் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்பாவின் பம்பைக் கழற்ற உட்கார்ந்துவிடுவாளாம். படையில் சேர்ந்ததும் எந்தப் பிரிவு என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் என்றிருக்கிறாள். துப்பாக்கியைவிடக் குழாய் பத்திரம் என்று அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அங்கே ஆற்று நீரை இழுத்து, வடிகட்டி, முகாமுக்குக் கொடுக்கும் பிரிவில் நாற்பத்தாறு பேர். அவர்களில் அவளும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏழு நிமிடம் பேச விடுவார்கள். மூன்று வாரத்துக்கு முன் பேசும்போது ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அதை அக்கா என்னிடம் அப்படியே அவள் குரலில் சொன்னார்.

"அம்மா, இங்க காவலுக்கு நின்னவங்கள்ல பாதிப் பேரு மூட்டை கட்டிட்டாங்க. இனிமே ஆத்துக்குப் போனா நாங்களே எங்களுக்குக் காவல். என் கையில ஸ்பேனர்தான் இருக்கு, பாத்துக்க."

அதுவரை எண் குறையக் குறைய அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்திருக்கிறது. மூவாயிரம் இரண்டாயிரமானால் தன் மகள் வீட்டுக்கு ஆயிரம் பேர் கிட்டே வந்துவிட்டாள் என்று ஒரு கணக்கு. அந்த அழைப்புக்குப் பிறகு கணக்கு தலைகீழானது. கிளம்புகிற ஒவ்வொருவனும் அவளைச் சுற்றி நின்றவன். அவைக்குள் ஒரு உறுப்பினர் மேஜையைத் தட்டி, இன்னும் ஐந்நூறு பேரைக் குறையுங்கள் என்று சொன்னால், இவருக்கு யாரோ வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவது போலிருந்திருக்கும். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் சுவர்க் காலண்டரில் ஆறாம் மாதத்தையும் பத்தாம் மாதத்தையும் வட்டம் போட்டு வைத்திருந்தார். டிவியில் யாராவது இன்னும் ஒரு வருடம் என்று பேசினால், உன் பிள்ளையை அனுப்புடா என்று பெட்டியைப் பார்த்துத் திட்டுவார். அவரிடம் போய், ஆட்கள் வருவதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது.

மூன்றாம் நாள் முற்பகல் பதினொன்றே முக்கால். அக்காவின் பத்து நிமிடம் முடிகிற நேரம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அமைச்சர் அப்போதுதான் பேசி அமர்ந்திருந்தார். எதிர்வரிசையில் ஒருவர் எழுந்தார். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர், எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேள்வி கேட்பது போலக் கேட்பார். எல்லாப் பிரிவுக்கும் தேதி சொன்னீர்களே, தண்ணீர்ப் பிரிவுக்கு எந்தத் தேதி என்று கேட்டார்.

அமைச்சர் எழவில்லை. உட்கார்ந்தபடியே, பக்கத்தில் இருப்பவரிடம் சலித்துக்கொள்வது போல, ஆனால் எங்கள் மேஜைக்குத் தெளிவாகக் கேட்கும்படி சொன்னார். அவர்களுக்கெல்லாம் தேதி கொடுக்க முடியாது. எல்லோரும் விமானம் ஏறின பிறகுதான் அவர்கள் ஏற முடியும். காவலுக்கு அறுபது பேர் போதும்.

அவர் முன்னால் இருந்த மைக்கில் சிவப்பு விளக்கு எரியவில்லை. விளக்கு எரிந்தால்தான் ஒலிப்பதிவுக்கும் டிவிக்கும் போகும். பின்வரிசையில் கூச்சல். வாத்தியாருக்கே பாதிதான் கேட்டிருக்கும், காதுக்குப் பின்னால் கையை வைத்தார். அதற்குள் அமைச்சர் எழுந்து, விளக்கு எரிய, எல்லாப் பிரிவினரும் உரிய காலத்தில் திரும்புவார்கள் என்று அழகாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் அக்காவின் நோட்டு தெரிந்தது. பென்சில் முனை தாளில் ஊன்றியிருந்தது. நகரவில்லை. ஒரு புள்ளியாக அழுத்தி அழுத்தி, முனை உடைந்தது. நான் வேறு பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினேன். எடுக்கவில்லை. நேரம் முடிந்ததும் நோட்டை மூடிக்கொண்டு, நாற்காலி சத்தமில்லாமல் எழுந்து போனார்.

என் பத்து நிமிடம் முடிந்து நான் தட்டச்சு அறைக்கு வந்தபோது அவர் தன் பக்கங்களை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கடைசிப் பத்தியின் கீழே வெள்ளையாக இருந்தது. ஒட்டுப் பகுதி முதலில் எழுதியவரின் தாளிலிருந்துதான் அச்சுக்குப் போகும், பின்னால் வந்தவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

"உன் நோட்ட எடு," என்றார். "ஒட்டுல என்ன இருக்குன்னு படி."

"நீங்களே பாருங்களேன் அக்கா." அவரால் யாருடைய சுருக்கெழுத்தையும் படிக்க முடியும்.

"வேணாம். நீ படி. எனக்குத் தப்பாக் காதுல விழுந்திருக்கும்."

தப்பாக விழுந்திருக்க வேண்டும் என்று அவர் முகம் கேட்டது. நாங்கள் சரிபார்க்கும்போது ஏற்ற இறக்கமில்லாமல், விலைப்பட்டியல் படிப்பது போலப் படிப்போம். அப்படித்தான் படித்தேன். தேதி கொடுக்க முடியாது. எல்லோரும் ஏறின பிறகுதான். காவலுக்கு அறுபது பேர் போதும்.

"அறுபதுதானா?"

"அறுபதுதான் அக்கா."

அவர் கொஞ்ச நேரம் தட்டச்சுப் பொறியின் மேல் கையை வைத்திருந்தார், அதற்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல. தண்ணீர்ப் பிரிவு இருப்பது ஆற்றின் இரண்டு கரையிலுமாக ஒன்றரை கிலோமீட்டர் என்றார். வாண்டு படம் போட்டு அனுப்பியிருக்கிறாளாம். இக்கரையில் பம்பு, அக்கரையில் தொட்டி. அறுபது பேரை எங்கே என்று நிறுத்துவார்கள் என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

தலைமை எழுத்தர் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். சீஃப் என்றுதான் சொல்வோம். கெட்டவர் இல்லை. சண்டை வந்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறவர். அவர் அறையில் அமைச்சரின் உதவியாளர் உட்கார்ந்திருந்தார். அந்த ஆளுக்கு எங்கள் அறையில் 'இஸ்திரி' என்று பெயர். சட்டையில் மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை. கையில் ஒரு சீட்டு வைத்திருந்தார். அதில் அமைச்சர் சொன்னதாக ஒரே வரி: தண்ணீர்ப் பிரிவும் பத்தாம் மாதத்துக்குள் திரும்பிவிடும்.

பேசியவர்கள் இப்படிச் சீட்டு அனுப்புவது வழக்கம்தான். வார்த்தையைத் திருத்தலாம், பொருளை மாற்றக்கூடாது என்பது விதி. ஆனால் மைக்கில் ஏறாத பேச்சுக்கு வேறு விதி. இரண்டு நோட்டிலும் இருந்தால் அது நிற்கும். ஒரு நோட்டில் மட்டும் இருந்து, பேசியவர் மறுத்தால், பேசியவர் எழுதிக் கொடுப்பதுதான் ஏறும். நோட்டில் எழுதாதவர், நானும் கேட்டேன் என்று கையெழுத்திடலாம். அப்படி இட்டால், ஏன் எழுதவில்லை என்ற காரணத்தையும் அதே தாளில் எழுத வேண்டும்.

சீஃப் எங்கள் நோட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். அக்காவின் நோட்டில் வெள்ளையும், நடுவில் கரும்புள்ளியும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னம்மா இது, உங்க நோட்லயா?"

இஸ்திரிதான் பேசினார். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "அம்மா, நான் உங்களை ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. நீங்க எழுதல, அவ்வளவுதான். அவைக்குறிப்ப நாம மட்டுமா படிக்கிறோம்? அங்க காட்டுக்குள்ள உக்காந்திருக்கிறவனும் படிப்பான். அறுபது பேருன்னு அச்சுல போட்டா, அது அவனுக்குக் கடுதாசி போட்ட மாதிரி. நம்ம பிள்ளைங்க உயிருக்குத்தான் உலை."

அவருக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகத்தான் சொன்னார்.

அக்கா ஐந்து நிமிடம் தரச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். நானும் வந்தேன். தாழ்வாரத்தில் பழைய அவைக்குறிப்புத் தொகுதிகள் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும். அங்கே நின்றோம். பக்கத்தில் நின்றாலும் நான் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வராது. சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் வரும் என்றும் தோன்றியது.

"நான் சும்மா இருந்தாப் போதும்," என்றார். "எதுவும் பண்ண வேணாம். வாயை மூடிக்கிட்டு இருந்தா எம்பொண்ணுக்கு ஒரு தேதி கிடைக்குது. அரசாங்கத்து அச்சுல. பத்தாம் மாசம்."

"கிடைக்குமா அக்கா?"

அவர் அலமாரியைப் பார்த்தார். கடைசி மூன்று தொகுதிகளும் இந்தப் போரைப் பற்றியவைதான். "ஒண்ணுல நாலாம் மாசம்னு இருக்கும். அடுத்ததுல எட்டு. அதுக்கடுத்து வருஷக் கடைசி. மூணும் என் கையால அடிச்சதுதான்."

அலமாரியிலிருந்து கண்ணை எடுத்தார். "தேதி போட்டுட்டாங்கன்னா எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க தம்பி. அந்த அறுபதப் பத்தி ஒருத்தன் கேக்க மாட்டான். கேக்கவே மாட்டான். ஆனா அறுபதுன்னு வெளிய வந்தா, அந்தாளு சொன்னதும் நெசம். படிக்கிறவன் படிப்பான்."

எந்தப் பக்கம் போனாலும் ஒரே ஆறு, ஒரே கரை. அவைக்குள்ளிருந்து யாரோ பேசும் சத்தம் கதவில் மோதி, சொல்லாக இல்லாமல் வெறும் இரைச்சலாக வந்துகொண்டிருந்தது. அக்கா அலமாரிக் கண்ணாடியில் விரலால் எதையோ எழுதினார். சுருக்கெழுத்துத்தான். ஆனால் என்னால் படிக்க முடியவில்லை, கண்ணாடியில் ஒன்றும் பதியவில்லை. பிறகு திரும்பி நேராக உள்ளே போனார்.

சீஃபிடம் அவர் சொன்னது இதுதான். அமைச்சர் சொன்ன மூன்று வாக்கியங்களையும் தானும் கேட்டதாகக் கையெழுத்திடுகிறார். எண் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் சபாநாயகரின் உத்தரவு வாங்கி நீக்கிவிடலாம். நீக்கிய இடத்தில் வழக்கப்படி மூன்று நட்சத்திரம் போட வேண்டும். நீக்காத முழுப் பிரதி, விதிப்படி, கட்சித் தலைவர்களுக்கு மட்டும் மூடிய உறையில் போகட்டும்.

சீஃபின் முகத்தில் மாத்திரை போடாமலே தெளிவு வந்தது. யாரையும் பகைத்துக்கொள்ளாத வழி. இஸ்திரிதான் கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நட்சத்திரம் போட்டால் எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும் என்று அவருக்குத் தெரியாதா. ஆனால் எண் வெளியே வரக்கூடாது என்பதைத்தான் அவரே வாதமாக வைத்திருந்தார். இப்போது அதற்கு எதிராகப் பேச முடியவில்லை.

"காரணம் எழுதணுமேம்மா," என்றார் சீஃப். "ஏன் கை நின்னுதுன்னு."

அக்கா தாளை வாங்கி நின்றபடியே எழுதினார். இரண்டு வரி. சீஃப் படித்தார். பிறகு தாளை இஸ்திரியிடம் நீட்டினார். அவரும் படித்தார். மகள் எந்தப் பிரிவு என்று எழுதியிருந்தது. அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

விஷயத்தை மறைத்து மூன்று நாள் அவைக்குள் இருந்ததற்கு அக்காவுக்கு ஒரு மெமோ. அந்த விவாதம் முடியும்வரை உள்ளே போகக்கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் மெமோ. அதை மடித்து டிபன் பெட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. அன்று மாலை சொல்லிவிட்டார். தேதி இல்லை என்பதையும் சேர்த்து. அவர் கடைக்குப் போய், ஏற்கெனவே சரியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்பைக் கழற்றிப் போட்டாராம்.

மறுநாள் காலை அச்சு வந்தது. மொத்தப் பக்கத்திலும் ஒரே இடத்தில் மூன்று நட்சத்திரம். வாத்தியார் கேள்வி நேரத்துக்கு முன்பே எழுந்துவிட்டார். உறையில் வந்ததைப் படித்திருந்தார். எண்ணைச் சொல்லவில்லை. ஆற்றங்கரையை இந்த நட்சத்திரங்கள்தான் காவல் காக்கப்போகின்றனவா என்று மட்டும் கேட்டார். அவர் பின்னால் இருபது பேர் எழுந்தார்கள். ஆளும் வரிசையிலும் மூன்று பேர் எழுந்தார்கள். அவர்களுடைய ஊர்ப் பிள்ளைகளும் அந்த நாற்பத்தாறில் இருந்திருப்பார்கள்.

சபாநாயகர் மணியடித்தார். இதை ரகசியக் கூட்டமாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்.

ரகசியக் கூட்டம் என்றால் பார்வையாளர், பத்திரிகைக்காரர், காவலர், எழுத்தர் எல்லோரும் வெளியேற வேண்டும். குறிப்பே கிடையாது. நாங்கள் பதின்மூன்று பேரும் பென்சிலும் நோட்டுமாக வெளியே வந்து தாழ்வார பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். தட்டச்சு அறையிலிருந்து அக்காவும் வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளே அவருடைய மகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லையும் தப்பவிடாத காதுகள் பதினாலு ஜோடி வெளியே இருந்தன. சத்தம் புகாதபடி கதவில் வைத்துத் தைத்த தோலைத் தாண்டிச் சொல்லாக ஒன்றும் வரவில்லை. ஒரு முறை மேஜை தட்டும் சத்தம் வந்தது. ஆமோதித்துத் தட்டினார்களா, மறுத்துத் தட்டினார்களா என்று தெரியவில்லை. எங்களில் ஒருத்தர், இப்படி வெட்டியாக உட்காரச் சம்பளம் கொடுத்தால் வாரா வாரம் ரகசியம் பேசச் சொல்லலாம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சொல்லியிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இரண்டேகால் மணி நேரம். கதவு திறந்து எங்களைக் கூப்பிட்டார்கள். முறை எனக்கு வந்தது. அமைச்சர் எழுந்தார், விளக்கு எரிந்தது. அவை இது குறித்து விவாதித்தது, எண்ணிக்கை மறுபரிசீலனை செய்யப்பட்டது என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். நான் அந்த ஒரே வரியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தார். படித்தார்.

"கூட்டுனாங்களா, குறைச்சாங்களா?"

"அதச் சொல்லல அக்கா."

வாத்தியாரைப் போய்க் கேட்டுவிடலாமா என்று எனக்கே தோன்றியது. தாழ்வாரத்தில் அவர் எங்களைக் கடந்துதான் போனார். உள்ளே பேசியதை வெளியே சொன்னால் பதவி போகும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அக்காவைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். ஆமாம் என்பதா, பாவம் என்பதா, வெறும் வணக்கமா. அந்தத் தலையசைப்பை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. இதை அவர் திங்கட்கிழமை காலையில், பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார். அங்கே போனில் ஆள் எண்ணிக்கையைப் பேசக்கூடாது. பேசினால் லைன் துண்டிக்கப்படும். அதனால் அக்கா சாப்பாடு, தூக்கம், செருப்பு என்று எங்கெங்கோ சுற்றியிருக்கிறார். வாண்டுதான் சலிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

"வேலை பெண்டு நிமிர்த்துதும்மா. போன வாரம் எங்க ஆத்தங்கரை முகாமுக்கு மட்டும் நாளைக்கு அஞ்சாயிரம் லிட்டர் எடுத்தோம். இப்ப ரெண்டு நாளா ஒம்பதாயிரம் கேக்கிறாங்க. பம்பு அழுவுது."

லைன் போனதும் வீட்டுக்காரர் கடை மேஜையில் ஒரு அட்டையைக் கவிழ்த்துப் போட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துத் தலைக்கு இருபத்தைந்து லிட்டர் வைத்தால், ஐயாயிரம் லிட்டருக்கு இருநூறு பேர். ஒன்பதாயிரத்துக்கு முந்நூற்று அறுபது. அப்படியென்றால் நூற்று அறுபது பேர் புதிதாகக் காவலுக்கு வந்திருக்கிறார்கள். அட்டையை அக்காவின் கையில் கொடுத்து, "நீதான்டி பண்ணின," என்றாராம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார் அக்கா.

"நல்ல செய்திதானே அக்கா," என்றேன். அவர் முகம் அப்படி இல்லை.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சாப்பிட உக்காந்தோம். சாப்பிட்டுக்கிட்டே இவர்கிட்ட கேட்டேன், வெயில் காலத்துல தலைக்கு எவ்வளவு ஆகும்னு."

வெயில் உச்சத்தில் இருந்தால் நாற்பத்தைந்து வரை போகும் என்று சொல்லியிருக்கிறார் அவர். சொல்லிவிட்டு, சோற்றில் வைத்த கையோடு அப்படியே அட்டையைத் திரும்பப் பார்த்திருக்கிறார். ஒன்பதாயிரத்தை நாற்பத்தைந்தால் வகுத்தால் இருநூறு. அதே இருநூறு.

"அங்க இப்ப வெயில் காலமா தம்பி?" என்றார் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாள் விவாதத்தில், ஆயிரம் ஐந்நூறு என்று எத்தனையோ பேர் பேசியதை எழுதியிருந்தோம். அங்கே என்ன பருவம் என்று யாரும் சொல்லவில்லை. அலுவலகத்துக்குள் போனதும் நூலகத்தில் இருந்து ஒரு நிலப்பட நூலை எடுத்து வந்தேன். அதில் ஆண்டு மழை அளவு இருந்தது, மலைகளின் உயரம் இருந்தது, எந்த மாதம் வெயில் என்பது இல்லை. அக்கா என் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஆறு ஒரு பக்கத்தில் தொடங்கி மடிப்புக்குள் இறங்கி அடுத்த பக்கத்தில் வெளியே வந்தது. முகாம் இருந்த இடம் அந்த மடிப்புக்குள் இருந்தது. நான் புத்தகத்தை எவ்வளவு விரித்தும் அது கண்ணுக்குத் தெரியவில்லை.